சக்தி இல்லாதவள் எங்கே ஒளிவாள்?

கேள்வி: நான் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறேன். ஒரு மாயக்கதையைத் தொடராக எழுதி வருகிறேன். கதை நடக்கும் ராஜ்ஜியத்தில் பிறக்கிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு மந்திர சக்தி இருக்கும். இல்லாதவர்களை ‘வெறுங்கையர்’ என்பார்கள். 16 வயதில் அரண்மனை ஆட்கள் முன்னால் விரலால் தொட்டே ஒரு விளக்கை ஏற்றிக் காட்ட வேண்டும். முடியாதவர்களை உப்புச் சுரங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். என் நாயகி இன்பா சோதனைக்கு முந்தின இரவு காட்டுக்குள் ஓடிவிடுகிறாள். 14 அத்தியாயமாக ஓடிக்கொண்டே இருக்கிறாள். ‘இவள் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறாள், நம்பும்படி இல்லையே’ என்கிறார்கள் படிக்கிறவர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவளை யார் காட்டிக்கொடுப்பார்கள் என்றும் முடிவு செய்ய முடியவில்லை. கடைசியில் அவளுக்குள்ளேயே பெரிய சக்தி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது என்று முடிக்க நினைக்கிறேன். சரியாக வருமா?

பதில்:

வணக்கம். கடிதத்தோடு அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். உரையாடல் உங்களுக்கு இயல்பாக வருகிறது. சுரங்கத்திலிருந்து திரும்பிய பெரியப்பா இருட்டிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே மிச்சத்தையும் படிக்கலாம். சிக்கல் எல்லாம் காட்டில்தான்.

16 வயதுப் பெண் தனியாகக் காட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுக்கும். மூட்டாவிட்டால் பச்சைக் கிழங்கைத் தின்று வயிற்றுப்போக்கில் கிடப்பாள். உப்புக்கும் துணிக்கும் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும். வந்தால், தாத்தா காலத்திலிருந்து ஒருவரையொருவர் அறிந்தவர்கள் நடுவே புதுமுகமாக நிற்பாள். ராஜாவின் ஆட்கள் தேடவே வேண்டாம், கிணற்றடியில் நாலு பேர் ‘இது யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டாலே போதும். அதனால் முதல் வேலையாக இன்பாவை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அவள் ஒளிய வேண்டிய இடம் அவள் பிறந்த தெருதான்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. பதிப்பு வேலைக்கு வருவதற்கு முன் நான் சரித்திரப் பாடம் நடத்திப் பிழைத்தவன். உங்கள் ராஜ்ஜியத்துக்கு நெருங்கிய அசல் ஒன்று ஜப்பானில் இருந்தது. அதற்கும் உங்கள் மாவட்டத்துக்கும் தொடர்பும் உண்டு. மணப்பாட்டில் குகையைக் காட்டி ‘சவேரியார் இருந்த இடம்’ என்பார்களே, 1542 முதல் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகச் சுற்றிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549ல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். அவர் தொடங்கிவைத்த கிறிஸ்தவம் அங்கே இரண்டு தலைமுறைக்குள் வேர்விட்டது. பிறகு அடி விழுந்தது. 1597ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1614ல் தொக்குகாவா ஆட்சி நாடு முழுக்கத் தடை போட்டது. 1637-38ல் ஷிமபாராவில் கிளம்பிய கலகம் ரத்தத்தில் முடிந்தது. 1644ல் மிச்சமிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். தடை தளர்ந்தது 1873ல்தான். அதுவரை இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள், குருவும் இல்லாமல் தேவாலயமும் இல்லாமல், நாகசாகியைச் சுற்றிய கடலோரக் கிராமங்களிலும் தீவுகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் தலைமுறை தலைமுறையாக மறைந்து வாழ்ந்தார்கள். விவசாயம் பார்த்தார்கள், மீன் பிடித்தார்கள், வரி கட்டினார்கள்.

அரசு அவர்களை எப்படித் தேடியது என்று பாருங்கள், உங்கள் கதைக்கு அதுதான் தேவை. குதிரையில் வந்து துரத்தியது சொற்பம். ஏடும் அண்டை வீடும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்தன. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்திருக்க வேண்டும். ‘இவர்கள் எங்கள் ஆட்கள்’ என்று கோயில் சான்று தர வேண்டும். ஊர்வாரியாக ஆள்கணக்கு ஏடு இருக்கும். ஐந்தைந்து வீடாகச் சேர்த்து ஒரு கட்டு, ஒரு வீட்டில் கள்ளம் கண்டுபிடிக்கப்பட்டால் மற்ற நாலு வீடும் பதில் சொல்ல வேண்டும். இதற்கு மேல் நாகசாகிப் பக்கம் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி மிதிப்புச் சோதனை. ஃபுமி-எ என்பார்கள். மரியாளின் உருவமோ சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமோ பதித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள். ஒவ்வொருவரும் வெறுங்காலால் மிதித்துவிட்டுப் போக வேண்டும். கைக்குழந்தை என்றால் தாய் அதன் பாதத்தைப் பிடித்து அழுத்த வேண்டும். மிதிபட்டு மிதிபட்டு முகம் மழுங்கிப்போன தகடுகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

காலப்போக்கில் அந்தச் சோதனையே ஒரு திருவிழா ஆகிவிட்டது. நாகசாகியின் மருயாமா வீதியில் தாசிகள் அன்றைக்கென்று புதுப்பட்டு உடுத்திக்கொண்டு மிதிக்க வருவார்கள், பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். இந்த இடத்தில் உங்கள் விளக்குச் சோதனையை எடுத்துப் பாருங்கள். உங்கள் கதையில் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் நடுங்குகிறார்கள். எதற்கு? சக்தி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது புதுச்சட்டை போடுகிற நாள், பலகாரம் தின்கிற நாள். ‘எங்கள் பையன் விளக்கு ஆளுயரம் எரிந்ததாக்கும்’ என்று மாமாக்கள் பெருமை பேசுகிற நாள். நடுங்குகிறவள் அங்கே ஒருத்திதான். அவளும் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு, தோழி சொல்கிற நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். உங்கள் காட்டுத் துரத்தலில் இல்லாத பயம் இந்த வரிசையில் இருக்கிறது.

சரி, நாகசாகிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து மனவருத்தம் சொல்லும் ஜெபத்தைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டும் மிதித்தார்கள். குரு இல்லாத இடத்தில் உண்மையான மனவருத்தம் பாவத்தைக் கழுவும் என்று சொல்லும் ஒரு சின்ன நூல் தடைக்கு முன்பே அச்சாகியிருந்தது. அதைக் கையால் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் காப்பாற்றி வந்தார்கள். அவர்களில் யாராவது மிதிக்க மறுத்து அங்கேயே உயிரை விட்டிருந்தால் உங்களுக்கு ஓர் அருமையான அத்தியாயம் கிடைத்திருக்கும். ஆனால் எல்லோரும் அப்படிச் செய்திருந்தால் கிராமமே மிஞ்சியிருக்காது.

சாவு வீடு இன்னும் சிக்கல். சட்டப்படி கோயில் பிக்கு வந்துதான் காரியம் செய்ய வேண்டும். அவர் பிணத்தின் முன் உட்கார்ந்து சூத்திரம் ஓதுவார். அதே நேரத்தில் அடுத்த அறையில் சிலர் கூடி, அந்த ஓதலின் பலனை அழிப்பதற்கான ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். முன்னறையில் பிக்குவுக்குத் தேநீர் ஊற்றுகிற மூத்த மகனை நினைத்துப் பாருங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஓதல், அந்தப் பக்கம் முணுமுணுப்பு. செத்தது அவன் அப்பா. அழலாம், ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு அழ வேண்டும். அந்தப் பக்கக் குரல் கொஞ்சம் உயர்ந்தால் கிண்ணத்தைத் தட்டிவிட்டாவது சத்தம் போட வேண்டும். இன்பாவின் வீட்டில் இப்படி ஒரு சாவு நடக்கட்டும். பாட்டி சாகட்டும். உங்கள் ராஜ்ஜியத்தில் சிதைக்குத் தீ வைப்பதும் விரலால்தான் என்றால், பேத்தி என்ன செய்வாள்? இதற்கு விடை தேடினாலே உங்களுக்கு இரண்டு அத்தியாயம் வந்துவிடும்.

தனியாக ஒருத்தி இதைச் செய்ய முடியாது என்பதையும் கவனியுங்கள். அந்தக் கிராமங்களில் வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் நாள்காட்டியைக் காப்பவர். எது விரத நாள், எது பண்டிகை என்று அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். மூன்றாமவர் வீடு வீடாகச் சேதி சொல்பவர். உங்கள் வெறுங்கையருக்கும் இப்படி நாலைந்து பேர் வேண்டும். எந்த அதிகாரி எந்த ஊருக்கு எப்போது வருகிறான் என்று நினைவில் வைத்திருக்கும் கிழவர். சக்தியில்லாத குழந்தை பிறந்தால் அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டு வாயைத் திறக்காத மருத்துவச்சி. மாவரைக்கப் போகிற சாக்கில் சேதி கொண்டுபோகிற பெண். கொஞ்சம் சண்டைக்காரியாக இருக்கட்டும், ரகசியம் காப்பவர்கள் எல்லோரும் சாதுக்களாக இருப்பதில்லை.

ஆட்சியிலும் ஓட்டைகள் இருக்கும். நாகசாகிக்குப் பக்கத்தில் சொதோமே என்ற கடலோரத்தில் ஒமுரா பிரபுவின் நிலமும் சாகா பிரபுவின் நிலமும் ஊருக்கு ஊர் பின்னிக்கிடந்தன. ஒமுராவில் கெடுபிடி அதிகம். 1657ல் அங்கே அறுநூறு பேருக்கு மேல் பிடித்து நானூறு பேரளவில் கொன்றிருந்தார்கள். சாகா நிலத்தில் பிடி தளர்வு. ஒரே மலைச்சரிவில் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். 1797ல் கோத்தோ தீவுகளில் தரிசைப் பண்படுத்த ஆள் வேண்டும் என்று அங்குள்ள பிரபு கேட்க, ஒமுராவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். மறைந்திருந்தவர்கள்தான் அதில் நிறைய. போய்ச் சேர்ந்தால் நல்ல நிலமெல்லாம் முன்பே ஆள் பிடித்தது, இவர்களுக்குக் கிடைத்தது செங்குத்தான மேடு. ஆனால் அந்த மேட்டில் ஐந்து வீட்டுக் கட்டின் ஐந்து வீடுகளும் தங்கள் ஆட்களாகவே அமைய வழி இருந்தது.

எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி 1805ல் அமகுசா தீவுகளில் நடந்தது. விசாரணையில் ஐயாயிரம் பேருக்கு மேல் சிக்கினார்கள். சட்டப்படி கிறிஸ்தவர் என்று எழுதினால் மரண தண்டனை. ஐயாயிரம் பேரைக் கொன்றால் யார் உழுவது, யார் வரி கட்டுவது? இவ்வளவு காலம் எப்படிக் கண்டுபிடிக்காமல் இருந்தீர்கள் என்று மேலிடம் கேட்டால் என்ன சொல்வது? அதிகாரிகள் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதவே இல்லை. முன்னோர் வழக்கத்தை விவரம் தெரியாமல் பின்பற்றிவந்த ஏதோ வேறு சமயத்தார் என்று எழுதி, இனிமேல் செய்யமாட்டோம் என்று உறுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கொடுங்கோல் ராஜ்ஜியத்தையும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன்தான் நடத்துகிறான். அவனுக்கும் மேலதிகாரி பயம் உண்டு. உங்கள் சோதனை அதிகாரி இப்போது பல்லைக் கடித்துக்கொண்டே வருகிறார். அவருக்கு ஒரு மூட்டுவலி கொடுங்கள், சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய இருநூறு பெயர்கள் கொடுங்கள். போன ஆண்டு தேறாத எண்ணிக்கை அதிகம் என்று தலைநகரிலிருந்து ஓர் ஓலையும் வந்திருக்கட்டும்.

ஆனால் ஜப்பானை அப்படியே தூக்கி உங்கள் கதையில் வைக்க முடியாது. நம்பிக்கையை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே மிதிக்கலாம். இன்பாவிடம் இருப்பது ஓர் இல்லாமை. விளக்கு எரிந்தாக வேண்டும். இதற்குச் செப்பிடுவித்தை ஒன்றைத்தான் எல்லோரும் முதலில் யோசிப்பார்கள். 1669ல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் கிடைக்கும் என்று மூத்திரத்தைக் காய்ச்சப்போய்ப் பாஸ்பரஸைக் கண்டுபிடித்தார். அது இருட்டில் ஒளிரும், லேசான சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். விரல் நுனியில் வைத்து விளக்கேற்றலாம், விரல் போய்விடும் என்பது வேறு விஷயம். ஒரு தடவைக்கு இது சரி. அடுத்த நாள் அண்டை வீட்டு அக்கா அடுப்புப் பற்றவைக்கக் கூப்பிட்டால்?

நீடித்து உதவுவது ஏட்டில் செய்கிற வேலை. அடோல்ஃபோ காமின்ஸ்கியைப் பற்றிப் படியுங்கள். நாஜிகள் பிடித்திருந்த பாரிஸில், இருபது வயது நிரம்பாத யூதப் பையன், போலிக் காகிதங்கள் செய்து கொடுத்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு அந்த வேலை எப்படி வந்தது என்பதில்தான் உங்களுக்கு விஷயம் இருக்கிறது. சின்ன வயதில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பால்பண்ணைச் சோதனையில் லாக்டிக் அமிலம் நீலச் சாயத்தை வெளுக்கவைப்பதையும் பார்த்திருந்தார். அடையாள அட்டையில் எதற்கும் அழியாமல் நின்ற நீல மை அதற்கு அழிந்தது. மந்திரக்காரர்கள் ஆளும் நாட்டில் துணிக்குச் சாயம் ஏற்றுவது, தோல் பதப்படுத்துவது, மை காய்ச்சுவது போன்ற கையழுக்காகும் வேலைகளை யார் செய்வார்கள்? கையால் செய்வதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள்தான். சோதனை ஏட்டை எழுதும் மையை இன்பாவின் அம்மா காய்ச்சுகிறவளாக இருந்தால் கதை எங்கே போகும் என்று யோசியுங்கள்.

இதையொட்டி உங்கள் சுரங்கத்தைப் பற்றியும் ஒன்று. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில் பிரனீஸ் மலைப் பக்கம் ககோ என்று ஒரு மக்களை நூற்றாண்டுக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மொழி, மதம், முகம் எதிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபாடு கிடையாது. ஆனாலும் தேவாலயத்தில் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி, தொழில் தச்சு. தனி வாசல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒதுக்கியவர்களுக்கு அவர்கள் செய்யும் வேலை மட்டும் தேவையாக இருந்தது. உங்கள் ராஜ்ஜியத்துக்கும் உப்பு தேவை. தேறாதவர்கள் குறைந்தால் சுரங்கம் நின்றுவிடும், அப்போது சோதனை கடுமையாகும். இந்தக் கணக்கை ஒரு பாத்திரமாவது புரிந்துவைத்திருக்க வேண்டும். பெரியப்பாவே போதும்.

யார் காட்டிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் ஊர் முகப்பில் பலகை நட்டிருப்பார்கள். 1682ம் ஆண்டுப் பலகையில் விலைப்பட்டியலே இருக்கிறது. குருவைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளி, குருப்பட்டம் பெறாத துறவிக்கு 300, விட்டுவிட்டு மறுபடி சேர்ந்தவனைக் காட்டினாலும் 300, சாதாரண விசுவாசிக்கு 100. காட்டிக்கொடுக்கிறவனே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலும் பரிசு உண்டு என்றும் எழுதியிருக்கும். பொல்லாத வரி அது. நீங்கள் பொறாமை பிடித்த தோழியை வைத்துத் திட்டமிடுவதாகத் தெரிகிறது. அவளை விட்டுவிடுங்கள். வெறுங்கையரில் ஒருவரே, ஐந்து வீட்டுக் கட்டில் மாட்டிக்கொண்ட ஓர் அப்பா, மகளுக்குச் சுரங்கம் நிச்சயம் என்று தெரிந்த பிறகு இன்பாவின் பெயரைச் சொல்லட்டும். அவர் முந்தின அத்தியாயங்களில் எல்லோருக்கும் உதவி செய்கிறவராக வந்திருக்க வேண்டும். பிறகு அவரைத் தண்டிக்கவும் வேண்டாம். அவர் அதே தெருவில் இருக்கட்டும், தினமும் எதிர்ப்படட்டும்.

முடிவுக்கு வருகிறேன். இன்பாவுக்குச் சக்தி கொடுக்காதீர்கள். கொடுத்தால் சோதனை சரிதான், அவள் விஷயத்தில் மட்டும் தவறிவிட்டது என்று ஆகிவிடும். சுரங்கத்தில் கிடக்கிற மற்றவர்களுக்கு என்ன பதில்?

நாகசாகியில் முடிவு இப்படி வந்தது. வெளிநாட்டினருக்காக ஓரா என்ற இடத்தில் தேவாலயம் கட்டினார்கள். 1865 மார்ச் 17 அன்று உராகாமி கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வேடிக்கை பார்ப்பதுபோல் உள்ளே வந்தது. ஒரு பெண், பிரெஞ்சுக் குரு பெட்டிஜானிடம் நெருங்கி, எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று சொல்லி, மரியாளின் சிலை எங்கே என்று கேட்டார். சினிமாவென்றால் அங்கே திரை விழும். நடந்தது வேறு. துணிச்சல் வந்த உராகாமி மக்கள் பிக்குவைக் கூப்பிடாமலே காரியம் செய்யத் தொடங்கினார்கள். 1867ல் கைது ஆரம்பித்தது. ஆட்சி மாறியும் நிற்கவில்லை. ஊரோடு மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நாட்டின் பல மூலைகளுக்கு நாடுகடத்தினார்கள், அறுநூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. வெளிநாடுகளின் நெருக்கடி சேர்ந்து 1873ல் பலகைகள் இறக்கப்பட்டன. மறைந்திருந்த காலத்தைவிட, இனி மறைய வேண்டாம் என்று நினைத்த அந்த எட்டு ஆண்டுகள்தான் உராகாமிக்குக் கொடியவை. உங்கள் கடைசிப் பகுதியை அங்கே வையுங்கள். பக்கத்து நாட்டிலிருந்து மந்திரமே தெரியாத வணிகர்கள் வந்து இறங்கட்டும், இன்பா அவர்களிடம் போய்ப் பேசட்டும். அதற்கான விலையைத் தெரு முழுக்கக் கொடுக்கட்டும்.

தடை நீங்கிய பிறகும் இகித்சுகி போன்ற தீவுகளில் ஒரு பகுதியினர் தேவாலயத்துக்குத் திரும்பவே இல்லை. அறைக்குள் வைத்த சாமியும், வாய்வழியாக வந்து உருமாறிப்போன லத்தீன் ஜெபமும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. சோதனை ஒழிந்த பிறகு இன்பாவின் தெருவில் யார் அப்படி இருந்துவிடுவார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவச்சியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறை வேலை இது. எட்டாம் அத்தியாயத்தில் ஓநாய் வருகிற பகுதியை முழுதாக எடுத்துவிடலாம். இரண்டாம் அத்தியாயத்தில் ராஜவம்ச வரலாறு ஆறு பக்கம் ஓடுகிறது, அரைப் பக்கம் போதும். அப்புறம், புதிதாக எழுதுவதற்கு முன் சோதனை ஏட்டின் ஒரு பக்கத்தை ஏட்டில் இருப்பதுபோலவே எழுதிப் பாருங்கள். பெயர், வீடு, பக்கத்து நாலு வீடு, விளக்கு எரிந்த உயரம், அதிகாரியின் கையெழுத்து. அந்தப் பக்கத்தையும் திருத்திய முதல் மூன்று அத்தியாயங்களையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.